ரிமாண்ட் வராந்தாவிலிருந்து தொடங்கலாம்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நாம் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, நாட்டோட நீதி அமைப்பையே திருத்தி எழுதுற வேலைய உங்ககிட்ட குடுத்தா எங்கேருந்து ஆரம்பிப்பீங்க? ஜட்ஜ் நியமனமா, சுப்ரீம் கோர்ட்டுக்கு சென்னையில கிளையா, இல்ல புதுச் சட்டமா?" என்றாய். அதற்குள் கேட் திறந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், பேச்சு பாதியில் நின்றது. நீ சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாய். நாளைக்குக் கறுப்புக் கோட்டு போடப் போகிறவன். அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

நீ சொன்ன மூன்றிலுமே நான் தொடங்க மாட்டேன். ஒருவரைக் கைது செய்து முதல் முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்களே, அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து தொடங்குவேன். இருபத்திரண்டு வருஷமாகத் தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ் வைத்துக்கொண்டு கிரிமினல் கேஸ் நடத்துகிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டை ஆட்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். அவர்களுக்கு நீதித்துறை என்பது டெல்லியில் இருக்கும் குவிமாடக் கட்டடம் அல்ல. ரிமாண்ட் (விசாரணைக் காவல்), புழல் (ஜெயில்), ஷ்யூரிட்டி (ஜாமீனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிற ஆள்), வாய்தா. இந்த நாலு சொல்தான் அவர்களுக்கு நீதித்துறை. சீர்திருத்தம் என்று எதைக் கொண்டுவந்தாலும் இந்த நாலில் ஒன்றையாவது தொடவில்லையென்றால் அது எங்கள் பக்கத்துக்கு வந்து சேராது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஸ்டேஷன், எந்த கோர்ட் என்று கேட்காதே. சனிக்கிழமை சாயங்காலம். வேறொரு கேஸுக்காக நான் வராந்தாவில் நின்றிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். பத்தொன்பது வயசு இருக்கும், கன்டெய்னர் லாரியில் கிளீனர். ஒருத்தர் அவன் கையைப் பிடித்திருந்தார், இன்னொருத்தர் கையில் ரிமாண்ட் ரிப்போர்ட், அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டு. மாஜிஸ்திரேட் பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், அப்புறம் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். அவன் கையைப் பிடித்திருந்தவரே போலீஸ்காரர்தான். பையன் "இல்லைங்கம்மா" என்றான். சொல்லும்போதே இடது கைக் கட்டை விரலை வலது கையால் மூடிக்கொண்டான். அது எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. நான் குறுக்கே போய், அந்தக் கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் நல்லவர். போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தார், எழுதினார், மறுபடி மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. ஐந்து நிமிஷம் முன்னால் நான் பஸ் ஏறியிருந்தால் அந்த விரல் எந்தக் காகிதத்திலும் ஏறியிருக்காது. 15 நாள் காவல் என்று ஒரு வரி மட்டும் ஏறியிருக்கும்.

அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. எதற்கு? சீல் வைப்பதற்கு இல்லை. இந்தக் கைது தேவைதானா, ஆள் நலமாக இருக்கிறாரா என்று போலீஸ் அல்லாத ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்கு. 2020 ஜூனில் சாத்தான்குளம் வியாபாரிகள் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரையும் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். சில நாளுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த ரிமாண்ட் நேரத்தில் யாராவது அவர்கள் உடம்பை நிதானமாகப் பார்த்திருந்தால் என்ற கேள்வி இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது.

இங்கே வேண்டியது பெரிய புரட்சி இல்லை. கைதானவரிடம் மாஜிஸ்திரேட் தனியாகப் பேச வேண்டும், போலீஸ் வெளியே நிற்க வேண்டும், அது பதிவாக வேண்டும். முதல் ரிமாண்டிலேயே பக்கத்தில் ஒரு வக்கீல் இருக்க வேண்டும். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டமே சொல்கிறது. 2022-இலிருந்து மாவட்டந்தோறும் முழுநேர சட்ட உதவி வக்கீல்களைப் போடும் திட்டமும் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கைது நடப்பது ராத்திரி. அவர்களில் ஒருவர் நாலைந்து ஸ்டேஷனுக்குப் பொதுவாக ராத்திரி டூட்டியில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் இருப்பது மாதிரி. அப்புறம், எதற்காகக் கைது என்பதைப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளை மாஜிஸ்திரேட் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தாள் இல்லையென்றால் ரிமாண்ட் இல்லை என்று பத்து மாஜிஸ்திரேட் பத்து நாள் சொன்னால் போதும், பதினோராவது நாளிலிருந்து எல்லா ஸ்டேஷனிலும் தாள் தயாராகிவிடும்.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம், கைது செய்தால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணத்தை எழுதத்தான் எழுதுகிறார்கள், அச்சடித்த படிவத்தில் டிக் போட்டு. நான் பார்த்த எத்தனையோ எஃப்ஐஆரில் ஒரே வாசகம் வரும்: கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்து 500 ரூபாயைப் பறித்து, பொதுமக்களை மிரட்டி. ஆள் மாறுவார், தெரு மாறும், அந்த 500 ரூபாய் மாறாது.

இதன் விளைவு என்ன தெரியுமா? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். கோர்ட் இன்னும் குற்றவாளி என்று சொல்லாதவர்கள் இவர்கள். நம் ஊரில் இவர்கள் இருப்பது புழல். சென்ட்ரல் பக்கத்தில், இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிற இடத்தில் இருந்த பழைய ஜெயில், 2006-இல் அங்கே மாறியது. முன்பெல்லாம் மனு போட்டுக் கைதியைப் பார்க்க வியாசர்பாடியிலிருந்து நடந்தே வந்துவிடுவார்கள் என்று எங்கள் சீனியர் சொல்வார். இப்போது செங்குன்றம் பஸ் பிடித்துக் காவாங்கரையில் இறங்கி, பையில் பிஸ்கட்டும் லுங்கியும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நாள் கூலி போச்சு.

சரி, ஜாமீன் கிடைக்காதா? கிடைக்கும். அங்கேதான் அடுத்த சுவர்.

ஒரு அம்மா. கொடுங்கையூர் பக்கம் வீட்டு வேலை செய்கிறவர். மகனுக்கு ஜாமீன் ஆர்டர் ஆகிவிட்டது, பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஷ்யூரிட்டி. மஞ்சள் பையை என் மேஜையில் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில், ஒரு எல்ஐசி ரசீது, மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கணவரின் இறப்புச் சான்றிதழ். "இதுல எது ஆவும்னு பாருங்க வக்கீலம்மா" என்றார். ஒன்றும் ஆகாது. சொத்து வரி ரசீது வேண்டும், இல்லையென்றால் ஆர்சி புத்தகத்தோடு வண்டி வைத்திருப்பவர் வேண்டும், அவர் ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் இருப்பது குடிசை மாற்று வாரிய வீட்டில். இருபது முப்பது வருஷம் குடியிருந்தாலும் கிரயப் பத்திரம் கைக்கு வராத வீடுகள் எத்தனையோ உண்டு. அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாரும் அதே பிளாக்கில்தான். சொத்து உள்ள சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தால் அவர் இந்தக் குடும்பத்தோடு பேச்சு வார்த்தையில் இருக்க மாட்டார். அந்தப் பையன் ஜாமீன் கிடைத்த பிறகும் இருபத்தாறு நாள் உள்ளே இருந்தான். கடைசியில் வட்டிக்குக் கடன் வாங்கி, கோர்ட் வாசலில் காசுக்கு ஷ்யூரிட்டி நிற்கிற ஆளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அப்படி நிற்கிறவர், தான் யாருக்காகக் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தப் பையனின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பையன் ஓடிப்போனால் இவர் எப்படிப் பிடித்துத் தருவார்? ஷ்யூரிட்டி என்ற முறை எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கமே அங்கே இல்லை.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1978-இல் மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய் ஷ்யூரிட்டி கேட்டார். சொந்த அண்ணன் தம்பி வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். திரும்பவும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்க்கு, ஷ்யூரிட்டி இல்லாமல் அவரே எழுதிக்கொடுக்கும் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஏழைக்குத் தகுந்த மாதிரி ஜாமீன் இருக்க வேண்டும் என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது. நீ கல்லூரியில் இதைப் படித்திருப்பாய். அதைப் படித்தவர்கள்தான் எல்லா கோர்ட்டிலும் இருக்கிறார்கள். ஆனாலும் சொத்து வரி ரசீதுதான் கேட்கிறார்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் ஆர்டரின் நகல் அன்றைக்கோ மறுநாளோ சிறைக்கு இமெயிலில் போக வேண்டும். ஏழு நாளுக்குள் ஆள் வெளியே வரவில்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஷ்யூரிட்டி கொடுக்க முடியவில்லையென்றால் கோர்ட்டே தானாக எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதே வருஷம் மத்திய அரசு, ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை கொடுக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. இப்படி ஒன்று இருப்பது என்னிடம் வருகிற குடும்பங்களில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. நான் கேட்பது, இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான். சொந்தப் பிணைதான் முதல். பையன் எங்கே வேலை செய்கிறான், எத்தனை வருஷமாக இந்தப் பகுதியில் இருக்கிறான், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு பக்க அறிக்கை வரட்டும். வெளி ஷ்யூரிட்டி வேண்டும் என்றால், ஏன் வேண்டும் என்று மாஜிஸ்திரேட் காரணம் எழுத வேண்டும்.

அப்புறம் கண்டிஷன். "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும், மறு உத்தரவு வரும் வரை." எழுதுகிற பேனாவுக்கு இது ஒரு வரி. காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன் கடலுக்குப் போனால் திரும்ப எத்தனையோ நாள் ஆகும். அவன் எப்படி 10.30-க்கு வருவான்? லோடு ஏற்றுகிறவன் காலை ஆறு மணிக்குப் போனால்தான் வேலை. பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் போய் நின்றால் அங்கே ரைட்டர் வரும் வரை பெஞ்சில் உட்கார வைப்பார்கள், மதியம் ஆகிவிடும். இன்னொரு கொடுமை, இங்கிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பத்தோடு மாற்றப்பட்டவர்கள். கேஸ் இங்கே உள்ள ஸ்டேஷனில். விடியற்காலை எழுந்து மூன்று பஸ் மாறி வந்து ஒரு கையெழுத்து. ஒரு பையன் என்னிடம் சொன்னான், "அக்கா, ஜெயில்லயாவது சோறு போட்டாங்க." அவனுக்கு வயசு இருபத்தொன்று. வாரம் ஒரு நாள், அவன் குடியிருக்கிற பகுதி ஸ்டேஷனில், வேலைக்குப் போகிற நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ என்று மாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்? கண்டிஷனை தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம். அந்த மனுவுக்கும் வாய்தா உண்டு, வக்கீல் பீஸும் உண்டு.

இந்தக் கையெழுத்தை நாலு நாள் விட்டால் ஜாமீன் ரத்து. வாய்தாவுக்கு வரவில்லையென்றால் பிடிவாரண்ட். பிடிவாரண்டில் பிடித்தால் மறுபடி புழல், மறுபடி இரண்டு ஷ்யூரிட்டி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு அடிதடிக்காக, கல்யாணம் ஆகி ஒழுங்காக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனைக் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்த வாரத்தில் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வாய்தாத் தேதி தெரியாது. பழைய வக்கீல் இறந்துவிட்டார். இ-கோர்ட்ஸ் செயலியில் கேஸ் நம்பரைப் போட்டால் தேதி வரும், உண்மை. ஆனால் நம்பரை அவனிடம் யாரும் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள் தமிழில் ஒரு மெசேஜ், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சாட்சிக்கும் கட்டாயம் போக வேண்டும். சிலிண்டர் புக் பண்ணினால் மெசேஜ் வருகிறது, இதற்கு வராதா?

விசாரணைக் கைதிகளுக்குப் புதிய சட்டத்தில் நல்லது செய்திருக்கிறார்களே என்று நீ கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விட வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய கேஸுக்கு இது கிடையாது. வரவேற்கிறேன். ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படி. ஒன்றுக்கு மேற்பட்ட கேஸ் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. எங்கள் பகுதிப் பையன் ஒருவன் ஒரு தடவை மாட்டினால், பழைய கண்டுபிடிக்காத செல்போன் பறிப்பு இரண்டு மூன்றையும் அவன் பெயரில் சேர்ப்பது பழக்கம். அப்போதே அவன் இந்தப் பிரிவுக்கு வெளியே போய்விடுகிறான். யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கே கிடைக்காத சலுகை. இந்த உட்பிரிவை எடுக்க வேண்டும், குறைந்தபட்சம் நீதிபதியின் முடிவுக்கு விட வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான் எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த '110'. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, நன்னடத்தைப் பிணை. ஒரு வருஷம் எந்த வம்புக்கும் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வைப்பது, மீறினால் உள்ளே. தமிழ்நாட்டில் இந்த அதிகாரத்தை அரசாணை மூலம் போலீஸ் துணை ஆணையர்களிடமே கொடுத்திருந்தார்கள். பிடிப்பதும் போலீஸ், விசாரிப்பதும் போலீஸ், ஜெயிலுக்கு அனுப்புவதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் புதிய சட்டத்தின் 15-ஆவது பிரிவு, எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக மாஜிஸ்திரேட்டாக நியமிக்கலாம் என்கிறது. மூடிய கதவை அது மறுபடி திறந்து வைக்கிறது. 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டம் இன்னொன்று. விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை அடைக்கலாம். ஆட்கொணர்வு மனு போட்டால் ஏராளமான உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்கிறது, ஒரு தாள் தெளிவாக இல்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் ஏழெட்டு மாதம் போயிருக்கும். ரத்தாகிற ஒவ்வொரு உத்தரவுக்கும் அந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது? தடுப்புக் காவல் நம் நாட்டின் சாசனத்திலேயே இருக்கிறது, அதை ஒரே நாளில் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்றாவது சட்டத்தில் எழுதலாம்.

இவ்வளவு சொன்னதும், "அப்போ ரவுடிங்களை எல்லாம் விட்டுடலாமா?" என்று என் தெருக்காரர்களே கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செயின் பறிகொடுத்ததும், மகனை வெட்டுக்குப் பலி கொடுத்ததும் இதே தெருக்களில்தான். பாதிக்கப்பட்டவருக்கும் இந்த அமைப்பு ஒன்றும் செய்வதில்லை என்பதே என் புகார்.

ஒரு கொலை வழக்கு. நேரில் பார்த்த சாட்சி ஒரு மீன்காரம்மா. சம்மன் வந்தது. காலையில் காசிமேட்டில் ஏலம் எடுக்காமல் கோர்ட்டுக்கு வந்தார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் இல்லை, வாய்தா. இரண்டாவது தடவை நீதிபதி விடுப்பு. மூன்றாவது தடவை குற்றம் சாட்டப்பட்ட ஒருவரைச் சிறையிலிருந்து கொண்டுவர எஸ்கார்ட் இல்லை. நாலாவது தடவை அரசு வக்கீல் வேறு கோர்ட்டில். ஒவ்வொரு தடவையும் அந்த வராந்தாவில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் கூட்டாளிகள் நிற்கிற அதே வராந்தாவில், காலை பத்தரையிலிருந்து நிற்பார். உட்கார நாற்காலி கிடையாது. ஒரு தடவை என்னிடம், "நீங்களே சொல்லுங்கம்மா, நானா கொலை பண்ணேன்?" என்று கேட்டார். ஆறாவது தடவை கூண்டில் ஏறி, "எனக்கு எதுவும் தெரியாது, நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறழ் சாட்சி என்று எழுதினார்கள். அந்த வழக்கில் எல்லாரும் விடுதலை. நான் எதிரி தரப்பில் ஒருவருக்காக ஆஜரானவள், எனக்கு அது வெற்றி. ஆனால் செத்துப்போன பையனின் தாய் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாட்சியை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2003-இல் நீதிபதி மலிமத் குழு சொன்னது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுக்க சட்டம் போலப் பின்பற்றச் சொன்னது. நான் கேட்பது ரொம்பச் சின்னது. சாட்சிக்குத் தனி அறை, மின்விசிறி, கழிப்பறை. பத்தரை என்று எல்லாரையும் கூப்பிடாமல், உனக்கு 11.30, உனக்கு 2.30 என்று நேரம். ஒரு சாட்சி வந்துவிட்டால் அன்றைக்கே விசாரித்தாக வேண்டும், வக்கீல் இல்லையென்றால் அபராதம் வக்கீல் மேல். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாய்தா வாங்குவதில் வக்கீல்களாகிய நாங்கள் பெரிய பங்காளிகள். இழுத்தடித்தால் நிஜமான குற்றவாளிக்கு லாபம், சும்மா மாட்டினவனுக்கு நஷ்டம். வழக்கு சீக்கிரம் முடிந்தாலே இரண்டு பேருக்கும் சேர வேண்டியது சேரும், குண்டர் சட்டத்துக்கும் பாதித் தேவை இருக்காது.

சீக்கிரம் முடிக்க ஆள் வேண்டும். நாடு முழுக்க ஐந்து கோடிக்கும் மேல் வழக்கு நிலுவை. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதி வேண்டும் என்று 1987-இல் சட்ட ஆணையம் சொன்னது. 2002-இல் உச்ச நீதிமன்றம் ஐந்து வருஷத்துக்குள் அதை எட்டச் சொல்லி உத்தரவே போட்டது. இன்றைக்கு அனுமதித்த இடங்களைக் கணக்கு எடுத்தாலும் சுமார் 21தான், அதிலும் காலி இடங்கள். ஆனால் நீதிபதி எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால் போதாது. ஒரு கோர்ட் ஓடுவதற்கு பெஞ்ச் கிளார்க் வேண்டும், டைப்பிஸ்ட் வேண்டும், அரசு வக்கீல் வேண்டும், சம்மன் கொண்டுபோகக் கான்ஸ்டபிள் வேண்டும். அந்தக் கான்ஸ்டபிளைத்தான் பந்தோபஸ்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். புலன் விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்க வேண்டும் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் செய்தால், இன்ஸ்பெக்டர் ஊர்வலத்துக்கும் போய்க் கொலை வழக்குக்கும் சாட்சி சொல்ல ஓட வேண்டியதில்லை. அப்புறம் தடயவியல் ஆய்வகம். ரிப்போர்ட் வராமலே வருஷக்கணக்கில் நிற்கிற கேஸ்கள் என் கேஸ் கட்டுகளிலேயே உண்டு.

தெருக்குழாய்ச் சண்டை, வாடகைத் தகராறு, மாமியார் மருமகள் வாய்ச் சண்டை, இவை எல்லாம் சமரசத்துக்குப் போக வேண்டியவை. நாட்டிலேயே முதல் முறையாக நீதிமன்றத்தோடு சேர்ந்த சமரச மையம் 2005-இல் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். அதைப் பாரிமுனையோடு நிறுத்தாமல் தண்டையார்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் மாலை நேரத்தில் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்கள் ஏழு மணிக்கு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கீழ்க் கோர்ட்டில் தமிழ்தான் மொழி. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு, நமக்கு இன்னும் இல்லை. அது நடக்கும்போது நடக்கட்டும். நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நிபந்தனைகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் கொடுப்பது. தினமும் கையெழுத்து என்று ஆங்கிலத்தில் இருந்ததை வாரா வாரம் என்று பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொல்ல, அதை நம்பிப் போகாமல் இருந்து ஜாமீன் ரத்தான ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

விடுதலையான பிறகும் முடிவதில்லை. கோர்ட் குற்றமற்றவன் என்று சொன்ன பிறகும் ஸ்டேஷன் பதிவேட்டில் பெயர் இருக்கும். ராத்திரி ரோந்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். கூரியர் கம்பெனியில் போலீஸ் வெரிபிகேஷன் கேட்டால் வேலை போச்சு. தவறாக வழக்குப் போடப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் எழுதியது. அதை எடுத்துத் தூசி தட்ட வேண்டும். பணம்கூட அப்புறம். விடுதலை ஆர்டர் வந்த முப்பது நாளில் பதிவேட்டிலிருந்து பெயர் தானாக நீங்க வேண்டும்.

நீ கேட்ட ஜட்ஜ் நியமனம், அதாவது மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் விஷயம் முக்கியம் இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், கொலீஜியம் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். எங்கள் மாதிரி இடங்களிலிருந்து வந்தவர்கள் அந்த நாற்காலியில் இன்னும் அதிகம் உட்கார வேண்டும். சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை வந்தால் நல்லதுதான். ஆனால் மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவின் இருபத்தாறு நாளை அவை குறைக்காது.

நீ கடைசியாக, கேட் திறக்கும்போது, "நான் என்னக்கா பண்ண முடியும்?" என்றும் கேட்டாய். கோர்ட் எல்லாருக்கும் திறந்த இடம். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பின் பெஞ்சில் போய் உட்கார். சனி, ஞாயிறு விட்டு வருகிற நாள் என்பதால் கூட்டம் அதிகம் இருக்கும். எத்தனை பேருக்கு வக்கீல் இருக்கிறார், எத்தனை பேருக்கு இல்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள். அப்புறம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடு. 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை உங்கள் தெரு முனையில், தண்ணீர் லாரி நிற்கிற சுவரில், பெரிய எழுத்தில் எழுதி வை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் ஆபீஸில்தான் இருப்பேன். அந்த நோட்டைக் கொண்டு வா, சேர்ந்து பார்க்கலாம்.